ஹைலக்ஸை உயர்த்துவது: ஸ்பேசரா, ஸ்பிரிங்கா, பாடி லிஃப்டா, இல்லை டயரே போதுமா?

பிக்கப்பை உயர்த்தக் காசு எடுத்து வைப்பதற்கு முன்னால் ஒருமுறை வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். டொயோட்டா ஹைலக்ஸோ இசுஸு வி-கிராஸோ, பின்பக்கம் எல்லாவற்றையும்விடத் தாழ்ந்து நிற்பது அச்சின் நடுவிலிருந்து என்ஜின் விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல்தான். அந்த அச்சு இரண்டு சக்கரங்களோடும் நேராகப் பிணைந்தது. அதன்மேல் கமான் பட்டை, பட்டையின்மேல் சேஸிஸ் என்ற அடிச்சட்டம். பட்டையை எவ்வளவு வளைத்தாலும், இடையில் எவ்வளவு கனமான கட்டை வைத்தாலும் உயர்வது சேஸிஸும் அதற்கு மேலே இருப்பவையும் மட்டுமே. டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தரையிலிருந்து தூக்கக்கூடியது டயர் ஒன்றே.

ஆகவே ‘இரண்டு இன்ச் லிஃப்ட் போட்டால் இரண்டு இன்ச் கிளியரன்ஸ் கூடும்’ என்பது பாதி உண்மை. கூடுவது வயிற்றுக்கும் பம்பருக்கும். ஹைலக்ஸின் வீல்பேஸ் 3,085 மி.மீ. நடுவயிறு 40 மி.மீ. உயர்ந்தால், மேட்டின் உச்சியை வயிறு தட்டாமல் கடக்கும் கோணம் சுமார் 3 டிகிரி கூடும். முன் பம்பர் சரிவில் முட்டும் கோணம் ஏறக்குறைய 2 டிகிரி. கேட்கச் சின்ன எண்கள்தான். ஆனால் இவ்வளவு நீளமான வண்டிக்கு வரப்பிலும் ஓடைக்கரையிலும் வயிறு தட்டுவதே தீராத நோய் என்பதால், 3 டிகிரி களத்தில் நன்றாகவே தெரியும். அச்சின் நடுவில் பாறை மாட்டுவதுதான் உங்கள் சிக்கல் என்றால், இதே 40 மி.மீ. லிஃப்ட் ஒரு பயனும் தராது.

எங்கே தட்டுகிறது என்பதை வைத்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சேஸிஸ் அடிப்பட்டையிலும் படிக்கட்டிலும் கீறல் இருந்தால் சஸ்பென்ஷன். டிஃபரன்ஷியலில் மட்டும் கீறல் என்றால் டயர். முன் பம்பரின் கீழ் உதடு மட்டும் கிழிந்திருந்தால் பம்பரை மாற்றுவது எல்லாவற்றையும்விட மலிவு.

எதையும் உயர்த்தாத வழி

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. லிஃப்ட் கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இதுவே போதும்.

ஹைலக்ஸில் 17 அங்குல வீலோடு வரும் டயர் 265/65 ஆர்17. அதன் விட்டம் 776 மி.மீ. அதே வீலில் 265/70 ஆர்17 ஆல்-டெரெய்ன் டயர் போட்டால் விட்டம் 803 மி.மீ.; டிஃபரன்ஷியல் 13 மி.மீ. உயரும். சஸ்பென்ஷனில் எதையும் தொடவேண்டாம்; அதிகம் போனால் மட்ஃபிளாப் ஓரமாக லேசாக உரசும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி சுமார் 103-ல் போகும். பெரும்பாலான வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும் என்பதால் இந்த வித்தியாசம் அதிலேயே கரைந்துவிடும்.

அடுத்த படி 285/70 ஆர்17: விட்டம் 831 மி.மீ., அச்சு 27 மி.மீ. உயரும், 100 காட்டும்போது 107. இங்கிருந்துதான் தொல்லை தொடங்குகிறது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர், முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பாடி மவுன்ட்டில், அதாவது பாடியைச் சேஸிஸோடு பிணைக்கும் தாங்கியில், உரசும். லிஃப்ட் போட்டால் இது சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஆகாது. லிஃப்ட் பாடி மவுன்ட்டை முன்னும் பின்னும் நகர்த்துவதில்லை. சக்கரம் முழுதாக மேலே ஏறி பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பில் முட்டும்போது, லிஃப்ட் போட்ட வண்டியிலும் போடாத வண்டியிலும் டயர் நிற்பது அதே இடத்தில்தான். சமதளத்தில் நிறுத்திப் பார்க்கும்போது இடைவெளி தாராளமாகத் தெரியும். பள்ளத்தில் ஒரு சக்கரம் முழுக்க ஏறியவுடன் வீல் ஆர்ச் லைனர் கிழியும். லைனரைச் சூடாக்கி வளைப்பது, பாடி மவுன்ட்டின் முனையை வெட்டி வெல்டு வைப்பது எல்லாம் தனி வேலைகள்.

பெரிய டயரின் எடையையும் மறக்கக்கூடாது. கனரகப் பக்கச்சுவர் உள்ள டயர் ஒவ்வொன்றும் பழையதைவிட 5 முதல் 8 கிலோ கூடுதல். வண்டி இழுக்கும் வேகமும் மைலேஜும் அதற்கேற்ப இறங்கும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். ஸ்டெப்னி, பின்பக்கத்துக்கு அடியில் அதன் இடத்தில் ஏறுகிறதா என்று வாங்குவதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.

இன்னொன்று, காசே இல்லாத வழி: காற்று. தார்ச்சாலையில் 33 பிஎஸ்ஐ வைத்திருக்கும் டயரைக் கல்பாதையில் 20 முதல் 22-க்கும், மணலில் 15 முதல் 18-க்கும் இறக்கினால் தரையைப் பிடிக்கும் பரப்பு நீளவாக்கில் விரியும். 50 மி.மீ. லிஃப்ட் போட்டு 35 பிஎஸ்ஐ காற்றோடு மணலில் புதையும் வண்டியை, லிஃப்டே இல்லாமல் 16 பிஎஸ்ஐயில் ஓடும் வண்டி தாண்டிப் போகும். அந்த அழுத்தத்தில் 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது; ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். திரும்பக் காற்றடிக்க ஒரு நல்ல 12 வோல்ட் கம்ப்ரஸர் வண்டியில் இருந்தாக வேண்டும். லிஃப்டுக்கு முன்னால் வாங்க வேண்டிய பொருள் அதுதான்.

முன்பக்க ஸ்பேசர்: ஒரே பெயரில் இரண்டு பொருள்கள்

முன்பக்கம் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம்கள் மேலும் கீழுமாக இரண்டு, நடுவில் காயில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஸ்ட்ரட். ஸ்ட்ரட் பொருத்தப்பட்டிருப்பது கீழ் ஆர்மின் முனையில் அல்ல, ஏறக்குறைய நடுவில். அதனால் ஸ்ட்ரட்டில் 20 மி.மீ. மாற்றம் செய்தால் சக்கரத்தில் அது கிட்டத்தட்ட 40 மி.மீ. ஆகத் தெரியும். ‘40 மி.மீ. ஸ்பேசர்’ என்று வாங்கியவர் பெட்டியைத் திறந்து 20 மி.மீ. கனமுள்ள வட்டைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்துவது இதனால்தான். உண்மையில் 40 மி.மீ. கனமுள்ள வட்டு வந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஸ்பேசரில் இரண்டு வகை. ஒன்று ஸ்ட்ரட்டின் தலைக்கும் சேஸிஸுக்கும் நடுவில் உட்காருவது. மூன்று நட்டைக் கழற்றி வட்டைச் சொருகி, திரும்ப மாட்டினால் முடிந்தது. ஸ்பிரிங்கை அழுத்தவே தேவையில்லை. அதனால் தெருமுனைக் கடையிலும் செய்துவிடுகிறார்கள். இதில் இரண்டு கேடுகள் உண்டு. ஸ்ட்ரட் முழுதாகவே கீழே தள்ளப்படுவதால், சக்கரம் தொங்கும்போது கம்பெனி நினைத்ததைவிடக் கீழே போகும். முன் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸிலின் மூட்டான சிவி ஜாயின்ட்டும், மேல் ஆர்மின் முனை மூட்டான பால் ஜாயின்ட்டும் அந்தக் கோணத்துக்கு வடிவமைக்கப்பட்டவை அல்ல. மறுமுனையில், ரப்பர் பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன்னாலேயே ஷாக்கின் உள்ளே பிஸ்டன் அடியில் இடிக்கும். பள்ளத்தில் இறங்கும்போது ‘ணங்’ என்று இரும்போடு இரும்பு மோதும் சத்தம் கேட்டால் அது இதுதான். ஷாக் கசியத் தொடங்க அதிக நாள் ஆகாது.

இரண்டாவது வகை, ஸ்பிரிங்கின் தலைக்கும் மேல் தட்டுக்கும் நடுவில், ஸ்ட்ரட்டுக்குள்ளேயே உட்காருவது. இதற்கு ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேண்டும். ஷாக்கின் நீளம் மாறாததால் சக்கரம் தொங்கும் எல்லை பழையபடியே இருக்கும். சிவி ஜாயின்ட்டுக்கு நிம்மதி. ஆனால் வண்டி நிற்கும் நிலையே உயர்ந்துவிட்டதால், கீழே இறங்க மிச்சமிருக்கும் தூரம் அவ்வளவுக்குக் குறையும். வேகத்தடையைத் தாண்டியவுடன் சக்கரம் கீழே இறங்கி ஷாக் முழு நீளத்தில் ‘டக்’ என்று நிற்கும். கல்பாதையில் இறங்க வேண்டிய சக்கரம் இறங்காமல் அந்தரத்தில் நிற்கும். காட்டுக்குள் போவதற்கென்று செய்த வேலை காட்டுக்குள் பிடிப்பைக் குறைப்பது இப்படித்தான்.

25 மி.மீ. வரைக்கும், அதுவும் முன்பக்கம் பின்பக்கத்தைவிடத் தாழ்ந்து நிற்பதைச் சமன்செய்ய மட்டும் என்றால், இரண்டாம் வகை ஸ்பேசர் ஏற்கத்தக்கது. அதற்குமேல் ஸ்பேசரை நாடுவது காசை மிச்சம்பிடித்து ஷாக்கையும் ஆக்ஸிலையும் செலவழிப்பது.

ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த கிட்

சரியான வழி இது. முன்பக்கம் நீளமான காயில் ஸ்பிரிங், அதற்கேற்ற நீளமும் தணிப்பும் உள்ள ஷாக். பின்பக்கம் புதிய பட்டைக்கட்டு, புதிய ஷாக், பட்டையை அச்சோடு கட்டும் நீளமான யூ போல்ட். ஓல்ட் மேன் ஈமு, அயர்ன்மேன், டஃப் டாக், டாபின்சன்ஸ் ஆகிய ஆஸ்திரேலியப் பெயர்களும் தாய்லாந்தின் புரோஃபெண்டரும் இந்தச் சந்தையில் பரவலாகக் கிடைப்பவை. பெரும்பாலானவை 40 முதல் 50 மி.மீ. உயரத்தில் நிற்கும். ஆர்ம்களும் ஆக்ஸிலும் தாங்கும் எல்லை அங்கேதான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபட்டாலும், பொறியாளர் சான்று இல்லாமல் செய்யக்கூடிய உயர்த்தலுக்கு 50 மி.மீ. பரவலான கோடு.

இதில் வாங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு, உயரத்தைப் பார்த்து ஸ்பிரிங் தேர்ந்தெடுப்பது. பார்க்க வேண்டியது எடையை. ஒரே கிட்டில் முன்பக்கத்துக்கு மூன்று ஸ்பிரிங் இருக்கும்: கம்பெனி பம்பரோடு ஓடும் வண்டிக்கு, இரும்பு பம்பர் போட்ட வண்டிக்கு, இரும்பு பம்பரோடு வின்ச்சும் (சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் கருவி) சேர்ந்த வண்டிக்கு. இரும்பு பம்பர் 50 முதல் 80 கிலோ. வின்ச் இன்னொரு 30 முதல் 40. சராசரியாக 100 கிலோ முன் அச்சுக்கும் முன்னால் தொங்கினால், கம்பெனி ஸ்பிரிங் ஏறத்தாழ 15 முதல் 20 மி.மீ. தாழும். அதற்கான ஸ்பிரிங்கை வெறும் வண்டிக்குப் போட்டால் 40-க்குப் பதில் 60 மி.மீ. உயர்ந்து நிற்கும், ஆக்ஸில் கோணம் எல்லையைத் தாண்டும், ஓட்டம் கட்டை வண்டிபோல இருக்கும்.

பின்பக்கமும் அப்படியே. பட்டைக்கட்டுகள் வெறும் வண்டி, நிரந்தரமாக 200 முதல் 300 கிலோ, நிரந்தரமாக 500 கிலோ என்று பிரித்து விற்கப்படுகின்றன. ‘நிரந்தரமாக’ என்ற சொல்தான் முக்கியம். மாதத்தில் இரண்டு நாள் மட்டும் மூட்டை ஏற்றுபவர் 500 கிலோ பட்டை வாங்கினால், மீதி 28 நாளும் பின் அச்சு சரளைச் சாலையில் துள்ளும். வளைவில் துள்ளும் பின் அச்சு பக்கவாட்டில் நழுவும். இறுகிய பட்டை வளைந்து கொடுக்காததால் மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டு நிற்கும். நீங்கள் தேடிய ஆஃப்-ரோடு திறனுக்கு இது நேர் எதிர். சந்தேகமாக இருந்தால் ஒரு படி இலகுவான பட்டையையே வாங்குங்கள். எடை ஏற்றும் நாளில் கொஞ்சம் தாழ்ந்து நிற்பதால் குடி முழுகிப்போகாது.

ஷாக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். புதிய ஸ்பிரிங்கைப் பழைய ஷாக்கோடு போடும் சிக்கனம் பரவலாக இருக்கிறது. இறுகிய ஸ்பிரிங் வேகமாக நிமிரும். அதைப் பிடித்து நிறுத்தும் வலு பழைய ஷாக்கில் இருக்காது. வண்டி ஒரு மேட்டுக்குப் பின் மூன்று முறை ஊஞ்சலாடும். புதிய ஷாக்கில் இரண்டு வகை பேசப்படும். இரட்டைக் குழாய் வகையில், ஃபோம் செல் என்ற பெயரில் விற்பதில், எண்ணெயில் காற்று கலந்து நுரைக்காமலிருக்க ஒரு நுரைப்பஞ்சு உறை இருக்கும். வெளிக்குழாய் கல்லடியில் நசுங்கினாலும் வேலை நடக்கும். ஒற்றைக் குழாய் வகை சூட்டை நன்றாக வெளியேற்றும், தார்ச்சாலையில் கூர்மையாக இருக்கும்; ஆனால் பிஸ்டன் ஓடுவது வெளிச்சுவரிலேயே என்பதால் ஒரு நல்ல கல்லடி பட்டால் அத்தோடு முடிந்தது. நீண்ட சரளைச் சாலைக்கு ஒற்றைக் குழாய், மெதுவான பாறைப் பாதைக்கு இரட்டைக் குழாய் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி, உயரம் கேட்கும் உபரிச் செலவுகள். 40 மி.மீ. வரை வீல் அலைன்மென்ட் மட்டும் போதும். உயர்த்தியவுடன் கேம்பரும் (முன்னிருந்து பார்க்கையில் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) டோவும் (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மாறும். கீழ் ஆர்மின் கேம் போல்ட்டைத் திருப்பி அவற்றைச் சரிசெய்யும்போது காஸ்டருக்கு (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) இடம் குறைந்துவிடும். காஸ்டர் குறைந்தால் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வராது, வண்டி அலையும். அலைன்மென்ட் தாளில் காஸ்டர் இரண்டு பக்கமும் 3 டிகிரியை ஒட்டி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ‘டோ மட்டும் போதும் சார்’ என்று சொல்லும் கடையிலிருந்து வண்டியை எடுத்துவிடுங்கள். 50 மி.மீ.ஐத் தாண்டினால் காஸ்டரைத் திருப்பித் தரும் வடிவிலான மேல் ஆர்ம்கள் தேவைப்படும். கம்பெனி மேல் ஆர்ம், சக்கரம் முழுதாகத் தொங்கும்போது காயில் ஸ்பிரிங்கைத் தொட்டுவிடுவதும் இந்த உயரத்தில்தான்.

சிவி ஜாயின்ட்டின் ரப்பர் பூட் மடிப்புகள் கூடுதல் கோணத்தில் ஒன்றோடொன்று உரசிக் கிழியும். வீல் ரிம்மின் உட்பக்கத்தில் கிரீஸ் தெறித்திருந்தால் அதுதான் முதல் அறிகுறி. அப்போதே பூட்டை மாற்றினால் ஜாயின்ட் பிழைக்கும், மணல் புகுந்தபின் பிழைக்காது. முன் டிஃபரன்ஷியலையே 20 முதல் 25 மி.மீ. கீழே இறக்கி இந்தக் கோணத்தைக் குறைக்கும் டிஃப் டிராப் வட்டுகள் கிடைக்கின்றன. அவை வேலை செய்யும். ஆனால் காசு கொடுத்துத் தூக்கிய வண்டியின் ஒரு பாகத்தைத் திரும்பக் கீழே இறக்குகிறோம் என்பதையும், வயிற்றைக் காக்கும் அடித்தகடும் அதோடு இறங்க வேண்டியிருக்கும் என்பதையும் யோசித்துச் செய்யவேண்டும். 40 மி.மீ.ல் நின்றால் இந்தக் கேள்வியே எழாது.

பின்பக்கம் மட்டும் சிக்கனம் பிடிக்கலாமா?

நம்மூர் கமான் பட்டைக் கடைகளில் பழைய பட்டையை அடித்து வளைத்துத் தருவார்கள். விலை குறைவு, ஒரே நாளில் முடியும். ஆனால் தளர்ந்துபோன எஃகு வளைத்த வடிவில் நெடுநாள் நிற்காது. சில மாதங்களில் பழைய இடத்துக்கே வந்து சேரும், சில சமயம் ஒரு பக்கம் மட்டும். கட்டில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்ப்பது அதைவிட மேல். 20 முதல் 30 மி.மீ. உயரும், சுமையும் தாங்கும். சேர்க்கும் பட்டை குட்டையாக இருந்தால் அதன் முனை அடுத்த பட்டையில் ஒரே புள்ளியில் குத்திக்கொண்டு நிற்கும், அந்த இடத்தில் விரிசல் விடும். முழுநீளப் பட்டையாகக் கேளுங்கள்.

அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைப்பது எல்லாவற்றிலும் எளிது. 25 மி.மீ. கட்டை, தகுந்த நீள யூ போல்ட், பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் உட்காரக் குழியும் முளையும் கொண்ட சரியான கட்டை என்றால் பரவாயில்லை. 50-ஐத் தாண்டினால் முறுக்குவிசையில் அச்சு சுழல முயலும்போது கட்டை நெம்புகோலாக மாறி, பட்டையை ‘எஸ்’ வடிவில் நெளிக்கும். ஏற்றத்தில் கிளட்ச் விடும்போது பின்பக்கம் தடதடவென்று துள்ளுவது இதுதான். ஒரு கட்டையின்மேல் இன்னொரு கட்டை அடுக்குவது எந்த நிலையிலும் கூடாது. முன்பக்கம் காயில் உள்ள இந்த வண்டிகளில் அந்தக் கேள்வி பின்பக்கத்துக்கு மட்டும்தான் என்பது ஒரு ஆறுதல்.

பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிலை நீளமாகப் போடுகிறவர்கள் ஒரு கணக்கை மறக்கிறார்கள்: ஷேக்கில் 50 மி.மீ. நீண்டால் அச்சுக்கு மேலே கிடைப்பது 25 மி.மீ.தான், ஏனென்றால் பட்டையின் ஒரு முனை மட்டுமே இறங்குகிறது. கூடவே டிஃபரன்ஷியலின் மூக்கும் சாயும். இரண்டு துண்டுப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் உள்ள இந்த வண்டிகளில், முதல் கியரில் கிளம்பும்போது தரையிலிருந்து அதிர்வு வந்தால் காரணம் அந்தச் சாய்வு. சென்டர் பேரிங்கை 10 மி.மீ. அளவு கீழே இறக்கும் வட்டு அல்லது அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் 2 டிகிரி சரிவுத் தகடு இதற்கு மருந்து.

பழைய மாடல் பிக்கப்புகளில் பின் அச்சையும் சேஸிஸையும் இணைக்கும் ஒரு மெல்லிய கம்பி இருக்கும். சுமைக்கேற்ப பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அது. வண்டியை உயர்த்தினால் வால்வு ‘சுமையே இல்லை’ என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். கம்பியின் தாங்கியையும் அதே அளவு உயர்த்தாமல் வண்டியை வெளியே எடுக்கக்கூடாது.

பாடி லிஃப்ட், பிராக்கெட் லிஃப்ட்

பாடி லிஃப்ட் என்பது சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவில் கட்டை வைப்பது. சேஸிஸ் இருந்த இடத்திலேயே இருப்பதால் வயிறும் உயராது, அச்சும் உயராது. பெரிய டயருக்கு இடம் மட்டும் கிடைக்கும். அதற்காக ஸ்டியரிங் தண்டு, ரேடியேட்டர் ஃபேன் கவசம், டீசல் ஊற்றும் குழாய், கியர் லீவர், ஒயரிங் எல்லாவற்றையும் நீட்டவோ நகர்த்தவோ வேண்டும். மோதலில் பாடி மவுன்ட்டுகள் எப்படி நடந்துகொள்ளும் என்பது கம்பெனி சோதித்த நிலை அல்ல. ஏர்பேக் உள்ள வண்டியில் இதைச் செய்யாதீர்கள்.

பிராக்கெட் லிஃப்ட் 100 முதல் 150 மி.மீ. உயர்த்தும். முன்பக்கக் குறுக்குச் சட்டங்களை வெட்டி, டிஃபரன்ஷியல், ஆர்ம்கள், ஸ்டியரிங் எல்லாவற்றையும் புதிய தாங்கிகளில் கீழே இறக்கி மாட்டும் வேலை. 35 அங்குல டயர் போடுவதற்காக அமெரிக்காவில் வளர்ந்த வழி. அந்த டயரைச் சுழற்ற டிஃபரன்ஷியலின் பல் விகிதத்தையும் முன்னும் பின்னும் மாற்ற வேண்டும், பிரேக் போதாது. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. நிற்கும்போது கம்பீரமாக இருக்கும். சாய்வான பாதையில் குறுக்காகப் போகும்போது அந்தக் கம்பீரமே ஆளைக் கவிழ்க்கும். லிஃப்டே இல்லாத ஹைலக்ஸ் 2016-ல் ஸ்வீடனின் டெக்னிக்கென்ஸ் வேர்ல்ட் இதழ் நடத்திய, திடீரென்று விலகித் திரும்பும் சோதனையில் இரண்டு சக்கரத்தில் நின்றது. அதன்மேல் 150 மி.மீ.ஐ ஏற்றுவதைப் பற்றி வேறென்ன சொல்ல?

இந்தியாவில் சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: கம்பெனி நிர்ணயித்த விவரக்குறிப்பிலிருந்து வண்டி மாறக்கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தம் சேர்த்த பிரிவு 182ஏ, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. இரும்பு பம்பர், கிராஷ் கார்டு ஆகியவை சட்டவிரோதம் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவதும் சொல்லாமல் செய்த மாற்றங்களைத்தான்.

பொதுச்சாலையில் ஓடும், வாரன்டி மிச்சமுள்ள வண்டிக்கு டயரும் காற்றும் அடித்தகடும் என்று நிற்பதே புத்திசாலித்தனம் என்று நாம் சொல்வது அதனால்தான். தனியார் நிலத்தில், போட்டித் தடத்தில் ஓடும் வண்டிக்கும், விதிக்குள் இதை அனுமதிக்கும் நாடுகளில் இருக்கும் வாசகர்களுக்கும் 40 மி.மீ. முழு கிட். ஸ்பேசர் சில ஆயிரங்களில் முடியும், முழு கிட் லட்சத்தைத் தாண்டும். இரண்டுக்கும் நடுவில் காசு இருந்தால், பாதி கிட் வாங்குவதற்குப் பதில் அதை நல்ல டயரில் போடுங்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

கழற்றுவதற்கு முன் சமதளத்தில், அரை டேங்க் டீசலோடு, நான்கு சக்கரத்திலும் ஹப் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை அளந்து எழுதுங்கள். டயர் மாறினாலும் இந்த அளவு பொய் சொல்லாது. ஓட்டுநர் பக்கம் சில மி.மீ. தாழ்ந்திருப்பது சகஜம், அந்தப் பக்கத்துக்கு மட்டும் 5 அல்லது 10 மி.மீ. டிரிம் பேக்கர் என்ற மெல்லிய வட்டு கேட்டு வாங்கலாம்.

ஸ்ட்ரட்டைப் பிரிக்கும்போது நடு நட்டை, ஸ்பிரிங் முழுதாக அழுத்தப்படும்வரை தொடக்கூடாது. அந்த ஸ்பிரிங்குக்குள் இருக்கும் விசை ஆளைக் கொல்லப் போதுமானது. சுவரில் பொருத்திய கம்ப்ரஸர் இருக்கும் கடையில் செய்யுங்கள். இரண்டு கொக்கிக் கம்பிகளை வைத்துச் செய்யும் இடத்தில் வேண்டாம். சக்கரம் மாட்டும் நக்கிளை இறக்கும்போது பிரேக் ஹோஸிலோ ஏபிஎஸ் ஒயரிலோ அது தொங்கக்கூடாது. முடித்தபின் சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்து, ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். இழுபட்டால் தாங்கியை நகர்த்துவது, போதாவிட்டால் நீளமான ஹோஸ்.

பெரும்பாலான கடைகள் தவறவிடும் ஒன்று: ஆர்ம் புஷ், பட்டை புஷ், ஷேக்கில் போல்ட்டுகளை வண்டி கடையின் தூக்குமேடையில் தொங்கும்போதே முழு இறுக்கமாக முடுக்கிவிடுவது. ரப்பர் புஷ் அந்தத் தொங்கும் கோணத்தில் பூட்டிக்கொள்ளும். வண்டி தரையில் இறங்கியவுடன் முறுக்கிய நிலையிலேயே வாழ்ந்து, சில மாதங்களில் கிழியும். அளவுகோலில் உயரமும் கூடுதலாகக் காட்டும். விரலிறுக்கமாக வைத்து, சக்கரம் தரையில் நின்று, பம்பரை நான்கைந்து முறை அழுத்தி ஆட்டியபின் டார்க் ரெஞ்ச்சால் முடுக்க வேண்டும்.

அலைன்மென்ட்டுக்குப் பின் ஸ்டியரிங் கோண சென்சாரைப் பூஜ்ஜியம் செய்யுங்கள், இல்லையென்றால் நிலைப்புக் கட்டுப்பாட்டு விளக்கு எரியும். ஹெட்லைட் ஒளியைக் கீழே இறக்குங்கள். எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

பழைய யூ போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். ஒருமுறை இழுபட்ட போல்ட் அதே பிடிப்பைத் தராது. 500 கி.மீ. ஓடியபின் யூ போல்ட்டுகளை மறுபடி முடுக்குங்கள், 1,000-ல் இன்னொருமுறை பாருங்கள். தளர்ந்த யூ போல்ட் முதலில் சென்டர் போல்ட்டை அறுக்கும், அதன்பின் பின் அச்சு ஒரு பக்கமாக நகரும். பின்னால் வருபவர் ‘உங்கள் வண்டி குறுக்காக ஓடுகிறது’ என்று சொன்னால் சாலையோரம் நிறுத்தி அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும்.